ஜப்பானில் சிறு பிள்ளைகளோடு குடித்தனம்: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை மாற்றலாகி ஜப்பானுக்கு வருகிறவர்களுக்கு வீடு பிடிக்கவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் அலுவலகத்தில் யாராவது கூட வருவார்கள். பிள்ளைகள் விஷயத்தில் அப்படி ஒருவரும் வரமாட்டார்கள். இந்த நாட்டில் குழந்தைகளுக்குக் கிடைக்கும் சலுகைகள் ஏராளம். ஆனால் ஒன்றுகூடத் தானாக வீடு தேடி வராது. படிவம் நிரப்பிக் கொடுத்தால்தான் உண்டு, அதற்கும் கெடு உண்டு. கெடு தாண்டிவிட்டால் கவுன்ட்டரில் இருப்பவர் மிகப் பணிவாகத் தலையைக் குனிந்து, முடியாது என்று சொல்லிவிடுவார்.

நான் எழுதுவது டோக்கியோவின் எதோகவா வார்டை மனதில் வைத்து. அங்குள்ள நிஷி கசாயில்தான் 2000-ஐ ஒட்டி வந்த கணினிக்காரர்கள் குடியேறி, இன்று நம் ஆட்கள் அதிகம் இருக்கிறார்கள். ஒசாகாவோ நகோயாவோ என்றால் தொகையும் தேதியும் கொஞ்சம் மாறும். போகவேண்டிய வழி ஒன்றுதான்.

வார்டு அலுவலகம்

வீடு கிடைத்து 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வார்டு அலுவலகம் (குயாக்குஷோ) போயாக வேண்டும். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வேலையையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். எல்லோருடைய பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு, வங்கிக் கணக்கு விவரம், பிறப்புச் சான்றிதழ் நகல், ஊரில் போட்ட தடுப்பூசி அட்டை எல்லாம் பையில் இருக்கட்டும். சான்றிதழுக்கு ஜப்பானிய மொழிபெயர்ப்பு கேட்டால், பெரும்பாலும் நீங்களோ நண்பரோ மொழிபெயர்த்து, அடியில் பெயரும் தேதியும் எழுதினாலே போதும்.

முதல் விண்ணப்பம் குழந்தை உதவித்தொகை, ஜிதோ தெஅத்தே. 2024 அக்டோபரிலிருந்து இதற்குப் பெற்றோரின் வருமான வரம்பு கிடையாது. மூன்று வயதுவரை மாதம் 15,000 யென், அதன்பின் 18 வயதாகும் கல்வியாண்டு முடியும்வரை 10,000 யென், மூன்றாவது பிள்ளை முதல் 30,000 யென். இரட்டைப்படை மாதங்களில் இரண்டு மாதப் பணம் சேர்ந்து வரும். தாய் தந்தையரில் அதிகம் சம்பாதிப்பவர் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். குடியேறிய, அல்லது குழந்தை பிறந்த, மறுநாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். தாமதமான மாதங்களுக்குப் பின்னால் கேட்டு வாங்க முடியாது. ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளைக்கு இந்தத் தொகை இல்லை.

இரண்டாவது, குழந்தைகளுக்கான மருத்துவ அட்டை, இர்யோஷோ. பள்ளி சேராத பிள்ளைக்குக் காப்பீடு 80 சதவீதம் கொடுக்கும். மீதி 20 சதவீதத்தை இந்த அட்டை பார்த்துக்கொள்ளும். டோக்கியோவின் 23 வார்டுகளிலும் 18 வயதுவரை டாக்டர் செலவு இப்படித்தான் கையைக் கடிக்காமல் போகிறது. பிள்ளையை உங்கள் நிறுவனக் காப்பீட்டில் சேர்த்த பிறகுதான் இது கிடைக்கும் என்பதால், மனிதவளத் துறையை வந்த அன்றே நச்சரியுங்கள். கியோட்டோவுக்குச் சுற்றுலா போன இடத்தில் காய்ச்சல் வந்தால் இந்த அட்டை அங்கே செல்லாது. பணத்தைக் கட்டி ரசீதை வைத்திருந்து, திரும்பி வந்து வார்டில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பெயர்

நம் ஊர்ப் பெயர் முறை இங்கே பெரிய தலைவலி. குடும்பப் பெயர் இல்லாத வீடு ஒன்று இருக்க முடியும் என்பதே இங்குள்ள படிவங்களுக்குத் தெரியாது. அப்பாவின் பெயர் முருகன், பிள்ளை கவின் என்றால் பாஸ்போர்ட்டில் முருகன் என்பது பிள்ளையின் குடும்பப் பெயராக இருக்கும். அப்பாவின் பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர், அம்மாவுடையதில் இன்னொரு பெயர். மருத்துவமனையில் "முருகன்-சாமா" என்று கூப்பிடுவார்கள். எழுந்திருக்க வேண்டியவர் அப்பா இல்லை, மடியில் இருக்கும் பிள்ளை.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தான கதகானாவில் பெயரின் எழுத்துக்கூட்டலை முதல் நாளே முடிவுசெய்து தாளில் எழுதிவைத்து, வங்கி, காப்பீடு, தடுப்பூசி, நர்சரி எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் உதவித்தொகை கணக்கில் ஏறாமல் திரும்பும். இரண்டு, குடும்பம் முழுவதும் ஒரே தாளில் வரும் ஜூமின்ஹ்யோ (குடியிருப்புப் பதிவு) நகல் ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். வெவ்வேறு பெயரில் இருக்கும் நீங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

பிரசவம் இங்கேயே என்றால்

கர்ப்பம் உறுதியானதும் வார்டில் தெரிவித்தால் தாய்சேய் நலக் கையேடு கொடுப்பார்கள். போஷி தெச்சோ என்பார்கள். கூடவே 14 பரிசோதனைகளுக்கான சலுகைச் சீட்டும் வரும். ஆங்கிலத்திலும் நேபாளியிலும்கூட அந்தக் கையேடு உண்டு, தமிழில் இல்லை. பிள்ளை வளர்ந்து பள்ளிக்குப் போகும்வரை ஊசி, எடை, உயரம் எல்லாம் இதில்தான் ஏறும். ஊரில் பிறந்து இங்கே வந்த பிள்ளைக்கும் கேட்டால் கிடைக்கும், கேளுங்கள்.

மருத்துவமனையைச் சீக்கிரமே பதிவு செய்யுங்கள், நல்ல இடங்கள் மூன்றாம் மாதத்திலேயே நிரம்பிவிடும். சுகப்பிரசவம் நோய்க் கணக்கில் வராததால் வழக்கமான காப்பீடு அதற்கு இல்லை. பதிலாக 2023 ஏப்ரலிலிருந்து 5 லட்சம் யென் மொத்தமாகத் தருகிறார்கள், நேராக மருத்துவமனைக்கே போய்விடும். டோக்கியோவில் அதற்கு மேலும் கையிலிருந்து போடத் தயாராக இருங்கள். சிசேரியன் என்றால் அறுவைச் சிகிச்சைப் பகுதிக்குக் காப்பீடு உண்டு.

குழந்தை பிறந்த பின் வரிசை இதுதான்: 14 நாளுக்குள் வார்டில் பிறப்புப் பதிவு, 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் தங்கும் உரிமைக்கு விண்ணப்பம், இடையில் தூதரகத்தில் பிறப்புப் பதிவும் பாஸ்போர்ட்டும். இங்கே பிறந்ததால் ஜப்பானியக் குடியுரிமை வராது. இந்தியக் குடியுரிமைக்கு ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிந்திருக்க வேண்டும். பச்சை உடம்புக்காரியை இதற்கெல்லாம் அலைய விடாதீர்கள், அப்பா போனாலே போதும்.

பிள்ளைப்பேறு பார்க்க அம்மாவோ மாமியாரோ வருவார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் குறுகியகால விசா பெரும்பாலும் 90 நாள். வந்ததும் இரண்டு விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். சேனை தொட்டு வைக்கிறேன் என்று தேன் கொடுக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்னும் நச்சு நோய் வரலாம் என்று இங்கே எல்லாத் தாய்மாருக்கும் படித்துப் படித்துச் சொல்வார்கள். சாம்பிராணியும் ஆகாது. படுக்கையறைக் கூரையில் புகை அலாரம் இருக்கிறது, அதற்குப் பாட்டி வைத்தியம் தெரியாது.

ஊசியும் பரிசோதனையும்

இரண்டாம் மாதத்தில் தடுப்பூசி தொடங்கும். ஒவ்வொரு ஊசிக்கும் யோஷின்ஹ்யோ என்ற கேள்வித்தாள் தபாலில் வரும், அல்லது வார்டில் வாங்கலாம். அது இல்லாமல் போனால் இலவச ஊசிக்குக் காசு கேட்பார்கள். 2024 ஏப்ரலிலிருந்து கக்குவான், ரணஜன்னி, போலியோ உள்ளிட்ட ஐந்து நோய்க்கு ஒரே ஊசி. பிசிஜியை இங்கே ஒன்பது சிறு ஊசிகள் பதித்த முத்திரைபோல் மேற்கையில் இரண்டு முறை அழுத்துவார்கள். ஊரில் பிறந்த அன்றே போட்டிருப்பீர்கள், அட்டையையும் தழும்பையும் காட்டுங்கள், இரண்டாம் தரம் வேண்டாம். ஊர் அட்டையை வைத்து எது பாக்கி என்று குழந்தை மருத்துவர் கணக்குப் போட்டுத் தருவார். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி பொதுவாக மூன்று வயதில். அம்மைக்கட்டு ஊசி இலவசப் பட்டியலில் இல்லை, காசு கொடுத்தாவது போட்டுவிடுங்கள்.

3-4 மாதம், ஒன்றரை வயது, மூன்று வயது ஆகிய கட்டங்களில் பரிசோதனைக்கு அழைப்பு வரும். மூன்று வயதுக்குரிய உறையில் சிறுநீர்க் குப்பியும், வீட்டிலேயே கண் பார்க்கும் படத்தாளும் இருக்கும். ஒன்றரை வயதில் படத்தைக் காட்டி "நாய் எங்கே?" என்று ஜப்பானிய மொழியில் கேட்பார்கள். பிள்ளை விழித்தால் பயப்படாதீர்கள். வீட்டில் தமிழ்தான் என்று சுகாதாரச் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லி, அதே கேள்வியை நீங்கள் தமிழில் கேட்டுக் காட்டுங்கள். பேச்சு உண்மையிலேயே தாமதம் என்றால் அவர்களே ஆலோசனை மையத்துக்கு அனுப்புவார்கள், அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

காய்ச்சல் வந்தால்

பக்கத்திலுள்ள ஷோனிகாவை, அதாவது குழந்தை மருத்துவரை, உடம்பு நன்றாக இருக்கும்போதே தேர்ந்தெடுத்துவிடுங்கள். பெரும்பாலும் இணையத்தில் வரிசை எண் எடுக்க வேண்டும். இரவிலும் விடுமுறையிலும் குழப்பம் என்றால் #8000-ஐ அழைத்து, மருத்துவமனைக்குப் போகலாமா காலைவரை பொறுக்கலாமா என்று கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 119, ஆம்புலன்சுக்குக் காசில்லை.

சிரப் கேட்டுப் பழகிய நமக்கு இங்கே பொட்டலம் பொட்டலமாகப் பொடி மருந்து கொடுப்பது முதலில் விசித்திரமாக இருக்கும். ஒரு சொட்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, சுத்தமான விரலால் கன்னத்தின் உள்பக்கம் தடவி, உடனே தண்ணீரோ பாலோ கொடுங்கள். பால் புட்டி முழுவதிலும் கலக்காதீர்கள். பாதியில் நிறுத்தினால் மருந்தும் பாதிதான் போயிருக்கும், பாலையும் வெறுத்துவிடும். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு மருந்துக்கடையில் இதற்கென்றே விற்கும் ஜெல்லி உண்டு. வாங்கும் மருந்தையெல்லாம் ஒட்டிவைக்கும் ஒகுசுரி தெச்சோவை போஷி தெச்சோவோடு ஒரே ஜிப் பையில் போட்டுவையுங்கள். வெளியே போகும்போது அந்தப் பையை எடுத்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

ஹொய்குயெனா, யோச்சியெனா

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு ஹொய்குயென், அதாவது பகல் காப்பகம். காலை முதல் மாலைவரை பார்த்துக்கொள்ளும். ஒருவர் வீட்டில் இருந்தால் மூன்று வயதுக்கு மேல் யோச்சியென், அதாவது மழலையர் பள்ளி; மதியம் இரண்டு மணிவாக்கில் விட்டுவிடுவார்கள். 2019 அக்டோபரிலிருந்து 3 முதல் 5 வயது வகுப்புகளுக்கு ஹொய்குயென் கட்டணம் இல்லை, யோச்சியெனுக்கு மாதம் 25,700 யென்வரை அரசு தருகிறது. வண்டி, சாப்பாடு, சீருடை தனி.

ஹொய்குயெனில் இடம் கிடைப்பது மதிப்பெண்ணைப் பொறுத்தது. பிள்ளைக்கு மதிப்பெண் இல்லை, உங்களுக்கு. இருவரும் முழுநேர வேலை என்றால் அதிகம், பகுதிநேரம் என்றால் குறைவு. சார்ந்திருப்போர் விசாவில் வந்தவர் தனி அனுமதி வாங்கினாலும் வாரம் 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அதற்கேற்பப் புள்ளி இறங்கும். ஏப்ரல் சேர்க்கைதான் பிரதானம். அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே முடிந்துவிடும். நிறுவனம் தரும் வேலைச் சான்றுக்கு நாளாகும், செப்டம்பரிலேயே கேட்டுவையுங்கள். போய்ப் பார்க்காமல் எந்த இடத்தையும் எழுதாதீர்கள். தூரம் குறைந்ததை முதலில் எழுதுங்கள் என்பது என் கட்சி. மழையில் பிள்ளையைச் சுமந்து நடக்கும்போது, நல்ல பெயருள்ள தூரத்து நர்சரியின் அருமை தெரியாது.

இடம் கிடைக்காவிட்டால் உரிமம் பெற்ற மற்ற காப்பகங்கள், அவ்வப்போது சில மணி நேரம் பார்த்துக்கொள்ளும் இச்சிஜி ஹொய்கு எல்லாம் உண்டு. வீட்டிலேயே பிள்ளையோடு இருக்கும் தாய்மார் வார்டு நடத்தும் குழந்தைகள் மையமான ஜிதோகானுக்குப் போங்கள். இலவசம், பொம்மையும் பாயும் இருக்கும், பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்கும். முதல் குளிர்காலத்தை நான்கு சுவருக்குள் கழித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சேர்ந்தபின் முதல் ஒன்றிரண்டு வாரம் நராஷி: முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு சாப்பாடுவரை, பிறகு தூக்கம்வரை. அந்த வாரங்களில் வேலையில் சேரத் தேதி கொடுக்காதீர்கள். 37.5 டிகிரி தாண்டினால் போன் வரும், வந்து கூட்டிப்போக வேண்டும். முதல் வருடம் இந்தப் போன் அடிக்கடி வரும். இன்ஃப்ளூயன்சா என்றால் தொடங்கி ஐந்து நாளும், காய்ச்சல் விட்டபின் மூன்று நாளும் ஆகாமல் திரும்பச் சேர்க்கமாட்டார்கள்.

தினமும் காலையில் ரென்ராகுச்சோ நோட்டை, அல்லது அதற்கான செயலியை, நிரப்ப வேண்டும். காலை வெப்பநிலை, நேற்றிரவு தூங்கிய நேரம், எழுந்த நேரம், இரவு என்ன சாப்பிட்டது, மலம் எப்படி, யார் எத்தனை மணிக்குக் கூட்டிப்போவார். கடைசியில் வீட்டில் பிள்ளை எப்படி இருந்தது என்று ஓரிரு வரி. "இட்லி இரண்டு" என்று எழுதினால் மாலையில் ஆசிரியை இட்லி என்றால் என்ன என்று கேட்டு எழுதியிருப்பார். சுருக்கமாகவாவது எழுதுங்கள், மாலையில் அவர்கள் எழுதி அனுப்புவதைப் படித்தால்தான் பிள்ளையின் பகல் நமக்குத் தெரியும்.

எல்லாப் பொருளிலும் பெயர் வேண்டும். ஒவ்வொரு காலுறையிலும், ஒவ்வொரு டயப்பரிலும். பிள்ளைகள் முதலில் கற்கும் ஜப்பானிய எழுத்தான ஹிரகானாவில் ரப்பர் முத்திரை ஒன்று செய்துகொள்ளுங்கள், அது மிச்சப்படுத்தும் நேரத்துக்கு ஈடில்லை. யோச்சியென் கேட்கும் துணிப்பைகளுக்கு நீள அகலம் சென்டிமீட்டரில் இருக்கும். தைக்கத் தெரியாவிட்டால் அந்த அளவிலேயே கடையில் கிடைக்கும், யாரும் குறை சொல்வதில்லை.

அரைஞாண் கயிறு, காது குத்திய கம்மல், வளையல், திருஷ்டிப் பொட்டு இவற்றைப் பற்றிச் சேரும் நாளே பேசிவிடுங்கள். கம்மலையும் வளையலையும் பாதுகாப்புக்காகக் கழற்றச் சொல்வார்கள், அது நியாயம்தான். அரைஞாண் என்ன என்று சொல்லாமல் விட்டால் டயப்பர் மாற்றும்போது பதறிப்போவார்கள். பிறந்தநாளுக்குச் சாக்லேட் கொடுத்தனுப்பும் நம் வழக்கமும் இங்கே ஆகாது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக வெளித் தின்பண்டத்தைத் தடுத்திருப்பார்கள்.

சாப்பாடு

சைவக் குடும்பத்துக்கு இதுதான் பெரிய கவலை. காய்கறி வேகவைத்ததிலும் மிசோ சூப்பிலும் உலர் மீனில் எடுத்த தாஷி இருக்கும், குழம்புக் கட்டியில் மிருகக் கொழுப்பு இருக்கும், புட்டிங்கில் ஜெலட்டின் இருக்கும். ஆகவே "நாங்கள் சைவம்" என்று மட்டும் சொன்னால் மீனை எடுத்துவிட்டு மீன் சாற்றில் வெந்த கேரட்டை வைப்பார்கள். எந்த அளவுவரை என்று வீட்டில் முதலில் முடிவெடுங்கள்: துண்டு மட்டும் கூடாதா, சாறும் கூடாதா? பிறகு மாதாமாதம் தரும் உணவுப் பட்டியலில் கூடாததை வட்டமிட்டுக் கொடுங்கள். அசைவக் குடும்பத்தில் மாட்டிறைச்சியும் பன்றியும் வேண்டாம் என்றாலும் இதே வழி. சில இடங்கள் மாற்று தரும், சில இடங்கள் வீட்டுச் சாப்பாடு கொண்டுவரச் சொல்லும். ஒவ்வாமைக்கு மருத்துவர் கையெழுத்திட்ட தாள் கேட்பார்கள். கொள்கைக்கு அது வேண்டாம். ஒவ்வாமை என்று பொய் சொல்லாதீர்கள், பின்னால் பரிசோதனை கேட்டால் சிக்கல்.

பென்தோ (டப்பா சாப்பாடு) கட்டும் நாளில் வண்ணம் வண்ணமாக இருக்கும் மற்றப் பிள்ளைகளின் டப்பாவைப் பார்த்து மலைக்க வேண்டாம். பொடி தடவிய குட்டி இட்லி, சப்பாத்திச் சுருள், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் நன்றாகவே போகும். ஈரம் கசியாததாக, ஆறவைத்து மூடியதாக இருக்கட்டும். கோடையில் மேலே சிறு ஐஸ் பை வையுங்கள். வேர்க்கடலை, பொட்டுக்கடலை வேண்டாம். மூச்சுக்குழலில் சிக்கும் என்று கெட்டியான பருப்பு, கொட்டை வகைகளை 5 வயதுவரை கொடுக்கக் கூடாது என்பது இங்குள்ள அறிவுரை. திராட்சையை நான்காக நறுக்குங்கள்.

வீடு, சைக்கிள், ரயில்

பிள்ளை ஓடும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும். குடிபோன வாரமே மேலும் கீழும் பக்கத்திலும் ஒரு சிறு இனிப்புப் பெட்டியோடு போய், சின்னப் பிள்ளை இருக்கிறது, தொந்தரவு இருக்கும் என்று சொல்லி வாருங்கள். தரையில் தடித்த ஜாயின்ட் மேட் போடுங்கள். புகார் நேரே வராது, கட்டட மேலாளரிடமிருந்து கடிதமாக வரும்.

பிள்ளை இருக்கை வைத்த மின்சார சைக்கிள் ஒரு லட்சம் யென்னுக்கு மேல் ஆகும், ஆனால் கார் இல்லாத குடும்பத்துக்கு வேறு வழியில்லை. அங்கீகாரம் பெற்ற வண்டியில் பள்ளி சேராத பிள்ளைகள் இருவரை ஏற்றலாம். தலைக்கவசம் போடுங்கள். டோக்கியோவில் 2020 ஏப்ரலிலிருந்து சைக்கிளுக்குக் காப்பீடு கட்டாயம். ரயிலில் ஒரு பெரியவரோடு பள்ளி சேராத பிள்ளைகள் இருவருக்குக் கட்டணம் இல்லை. நிஷி கசாய் வழியாகப் போகும் தோசாய் லைன் சுரங்க ரயிலில் காலை எட்டு மணிக்குத் தள்ளுவண்டியோடு ஏறுவதை மட்டும் மறந்துவிடுங்கள்.

நிலநடுக்கமும் வெள்ளமும்

கதவருகே ஒரு பை: மூன்று நாளுக்கான டயப்பர், ஈரத் துணி, வெந்நீர் தேவைப்படாத திரவப் பால், தண்ணீர், பிள்ளை சாப்பிடும் ஏதாவது ஒரு பிஸ்கட், மருந்து, பெற்றோர் போன் எண் எழுதிய தாள். பால் பவுடரை நம்பாதீர்கள், மின்சாரமும் எரிவாயுவும் நின்றால் எதில் கலக்குவீர்கள்? நர்சரியில் ஆண்டுதோறும் பிள்ளையைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் ஒத்திகை நடக்கும். கூட்டிப்போகத் தகுதியுள்ளவர் பட்டியலில் நடந்தே வரக்கூடிய தூரத்திலுள்ள நண்பர் ஒருவர் பெயரையும் சேருங்கள். ரயில் நின்றுவிட்டால் இருவரும் அலுவலகத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

எதோகவாவில் இருப்பவர்களுக்கு வெள்ளம் அதைவிடப் பெரிய விஷயம். வார்டின் பெரும்பகுதி கடலின் உயர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019-இல் வார்டு வெளியிட்ட வெள்ள வரைபடத்தின் அட்டையிலேயே "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சிட்டிருந்தார்கள். பெரும்புயல் எச்சரிக்கை வந்தால் கைக்குழந்தைக்காரர்கள் முதலில் கிளம்ப வேண்டும். எங்கே போவது என்பதை வெயில் காயும் ஒரு நாளில் முடிவுசெய்யுங்கள்.

பள்ளிக்கூடம்

ஏப்ரல் 2 முதல் அடுத்த ஏப்ரல் 1 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. ஆறு வயது நிறைந்ததும் வரும் ஏப்ரலில் முதல் வகுப்பு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டக் கட்டாயம் இல்லாததால், சேர்க்க விரும்புகிறோம் என்று நீங்கள்தான் வார்டில் எழுதிக்கொடுக்க வேண்டும். சேரும் முன் இலையுதிர் காலத்தில் உடல் பரிசோதனை. அரசுப் பள்ளியில் கட்டணமும் பாடநூலும் இலவசம், 23 வார்டுகளில் மதிய உணவும்தான். சிபிஎஸ்இ வேண்டுமென்றால் 2004-இல் தொடங்கிய இந்தியா இன்டர்நேஷனல் ஸ்கூல் இன் ஜப்பானும், 2006-இல் வந்த குளோபல் இந்தியன் இன்டர்நேஷனல் ஸ்கூலும் இந்தப் பக்கம் உண்டு, கட்டணம் தனி. சில வருடத்தில் ஊர் திரும்புவது உறுதி என்றால் அது சௌகரியம். நீண்டகாலம் இருப்பதாக எண்ணமிருந்தால் அரசுப் பள்ளியைத்தான் சொல்வேன். ஜப்பானிய மொழி தானாக வந்துவிடும், அதற்காக வீட்டில் அரைகுறை ஜப்பானிய மொழி பேச வேண்டாம். வீட்டில் தமிழிலேயே பேசுங்கள், படிக்க எழுத வார இறுதித் தமிழ் வகுப்பில் சேருங்கள்.

முதுகுப்பை ரந்தோசெருவை முந்தைய ஆண்டு கோடையிலேயே வாங்கக் கிளம்பிவிடுவார்கள். பல பத்தாயிரம் யென் ஆகும், சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் வகுப்பில் எல்லோரும் வைத்திருப்பார்கள். பிள்ளை பெற்றோர் துணையின்றித்தான் பள்ளிக்கு நடந்துபோகும், சில இடங்களில் ஒரே தெருவிலுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து போவார்கள். மார்ச் மாதத்திலேயே காலை எட்டு மணிக்கு, முதுகில் பையை மாட்டிவிட்டு, பள்ளி குறித்துக்கொடுத்த அதே பாதையில் கூட நடந்து பழக்குங்கள். வண்டி வெளியே வரும் கராஜ்கள், சிக்னல் இல்லாத முனை, அவசரத்துக்கு ஓடி நுழையக்கூடிய கடை, கொபான் என்னும் சிறு போலீஸ் சாவடி எல்லாவற்றையும் பிள்ளையே கைகாட்டிச் சொல்ல வேண்டும்.